ஒரே மழையில் நனையாத சேமிப்பு: வன்னி இளையோருக்கு முதுமைக்காலப் பணம் பற்றிய ஒரு வழிகாட்டி

"எனக்கு அறுபது வயதாகும்போது இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்குமோ தெரியாது, அதற்குள் எதற்காக ஓய்வுகாலத்துக்குக் காசு சேர்க்க வேண்டும்?" என்று இருபதுகளில் உள்ள ஒருவர் கேட்டால், அதைச் செலவாளியின் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இன்று 25 வயதுள்ள வன்னி இளைஞர் ஒருவர் தம் கண்ணாலேயே பார்த்தவற்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2016, 2017ஆம் ஆண்டுகளின் நீண்ட வறட்சியில் இலங்கையின் நெல் உற்பத்தி சுமார் 44 இலட்சம் தொன்னிலிருந்து சுமார் 24 இலட்சம் தொன்னாகச் சரிந்தது. மறு ஆண்டு, 2018 டிசம்பரில், இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. 2020இல் புரேவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா என்று புயல்கள் வந்தன. இடையில் 2022 டிசம்பரில், மான்டஸ் புயலை ஒட்டிய கடுங்குளிரில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களுக்குள் இறந்தன.

இந்தக் கவலை வன்னிக்கு மட்டும் உரியதன்று. இந்தியா உட்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான பத்தாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கில் மூன்று பங்கினர் எதிர்காலம் அச்சமூட்டுவதாகக் கூறினர். வன்னிக்கு உரியது அதற்கு மேலான இன்னொன்று. வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, காணி உறுதி, நகை என்று தாய் தந்தையர் பல்லாண்டுகளாகச் சேர்த்தவை 2009இல் சில மாதங்களுக்குள் இல்லாமற்போனதை அறிந்த பிள்ளைகள் இவர்கள். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகம் என்ற வங்கியில் அடகு வைத்த நகைக்கான சீட்டை இன்றும் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. போர்க்காலத்தில் மீட்கப்பட்ட நகைகளில் ஒரு பகுதியை இராணுவம் 2025 மே மாதத்தில்தான் பொலிஸாரிடம் கையளித்தது. சேமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கும் ஒருவருக்கு வட்டிக் கணக்கை மட்டும் காட்டிப் பயனில்லை.

எனினும் கவலை சரியாக இருப்பதனாலேயே அதிலிருந்து எடுக்கும் முடிவும் சரியாகிவிடாது. காலநிலை மாற்றம் ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாவற்றையும் முடித்துவைக்கப் போவதில்லை. ஆண்டுக்காண்டு வெப்பத்தையும் வெள்ளத்தையும் வறட்சியையும் கூட்டிக்கொண்டு, வாழ்வதற்கான செலவை உயர்த்திக்கொண்டே போகும். அந்த நிலையில் மிகவும் சிரமப்படப் போகிறவர், உழைக்கும் உடல்வலுவும் கையில் காசும் இல்லாத முதியவரே. வெள்ளம் வந்தால் இடம்பெயர்ந்து சில மாதம் வாடகைக்கு இருக்கவும், கிணறு உவரானால் குடிநீர் வாங்கவும், வெயிலில் வாடிய உடலுக்கு மருந்து எடுக்கவும் அவருக்குப் பணம் வேண்டும். இலங்கையில் ஆயுள் எதிர்பார்ப்பு 75 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பெண்களுக்கு அது இன்னும் கூடுதல். ஆகவே வானிலை எவ்வளவு கெடும் என்று நீங்கள் அஞ்சுகிறீர்களோ, அவ்வளவுக்கு அதிகமாகச் சேமிக்க வேண்டியவர் நீங்கள். அந்தச் சேமிப்பை எந்த வடிவில், எந்த ஒழுங்கில் வைப்பது என்பதே இங்கு சொல்லப்படுவது.

இரண்டு பணத்தையும் முதலில் பிரியுங்கள்

வன்னியில் முதுமைக்கென்று சேர்த்த பணம் முதுமை வரை போய்ச் சேராததற்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. இடையில் வரும் வெள்ளமோ வறட்சியோ அதை விழுங்கிவிடுகிறது. நிலையான வைப்பை உடைத்து விதைநெல் வாங்குகிறோம். நகையை அடகு வைத்து அழிந்த பயிரின் கடனைக் கட்டுகிறோம். அடுத்த போகமும் பொய்த்துவிட்டால் நகை அடகில் மூழ்கி, மீட்க முடியாமற் போகிறது. அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை என்பதால் இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அனர்த்தத்துக்கான பணமும் முதுமைக்கான பணமும் ஒரே கணக்கில் இருக்கும் வரை, முதுமைக்கான பணம் என்று ஒன்று உண்மையில் இல்லை. காலநிலைக் கவலை உள்ள ஒருவர் எடுக்க வேண்டிய முதலாவது நடவடிக்கை இரண்டு கணக்குகளைத் திறப்பதுதான். இயன்றால் இரண்டு வெவ்வேறு வங்கிகளில்.

அனர்த்தப் பணம் எவ்வளவு என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது. மாதச் சம்பளக்காரருக்கு மூன்று மாத வீட்டுச் செலவு போதும். கமக்காரருக்கு அது போதாது. ஒரு போகம் முழுதாக அழிந்தால் அடுத்த போகத்தை மீண்டும் தொடங்குவதற்கான உழவு, விதை, உரம், கூலி ஆகியவற்றின் செலவும், அறுவடை வரையான சமையற்செலவும் அதற்குள் அடங்க வேண்டும். இது பெரிய தொகை, ஓராண்டில் சேராது. இரண்டு மூன்று காலபோகங்களில், அதாவது மாரிமழையோடு செய்யும் நெற்போகங்களில், சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அதற்கு வட்டி எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டாம். நினைத்த நேரத்தில் எடுக்க முடிவதே முக்கியம் என்பதால் சாதாரண சேமிப்புக் கணக்கே பொருத்தமானது. வெள்ளத்தில் பாதை அறுபட்டு மின்சாரமும் நின்றால் ஏரிஎம் அட்டையால் பயனில்லை. ஆகவே ஐப்பசி பிறக்கும்போது ஒரு கிழமைச் செலவுக்கான தாள்காசை நீர் புகாத உறையில் இட்டு, அடையாள அட்டையுடன் சேர்த்து வையுங்கள்.

அனர்த்தத்தின்போது அரசிடமிருந்து கிடைக்கக்கூடியதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அதை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். நெல் உட்பட ஆறு பயிர்களுக்கான அழிவு நட்டஈடு ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபா என்ற அளவில் இருந்தது. பயிர்ச் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்யும். அதுவும் தாமதமாகவே வந்துசேரும். அதைப் பெறுவதற்கு விதைத்த நிலம் கமநல சேவைகள் நிலையத்தில் உங்கள் பெயரில் பதியப்பட்டிருக்க வேண்டும் என்பதையும், அழிவைத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்பதையும் பலர் வெள்ளம் வந்த பிறகே அறிகின்றனர். குத்தகைக்குச் செய்யும் இளைஞர்கள் விதைப்புக்கு முன்பே இதைக் காணிக்காரருடன் பேசிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

கடன் இருந்தால்

நுண்கடனோ லீசிங்கோ நிலுவையில் இருக்கும்போது முதுமைக்குச் சேமிப்பது கணக்குப்படி நட்டமே. நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று வட்டி உச்சம் விதிக்கப்பட்ட காலமும் இருந்தது. வைப்பு எதுவும் அதற்கு அருகில் வராது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை 2018இல் அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது என்பது, வறட்சியும் கடனும் ஒன்றையொன்று எவ்வாறு இழுத்துவருகின்றன என்பதைக் காட்டும். ஆகவே வட்டி கூடிய கடனை முதலில் முடியுங்கள். சம்பளத்திலிருந்து தானாகவே கழிக்கப்படும் சேமலாப நிதி மட்டும் இதற்கு விலக்கு. அதை நிறுத்த வேண்டியதும் இல்லை, நிறுத்தவும் முடியாது.

மாதச் சம்பளம் உள்ளவர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய இடங்களின் ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் நிதி நிறுவனங்களிலும் வேலை செய்யும் இளையோர் பலர், தாம் ஏற்கெனவே முதுமைக்குச் சேமித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்வதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும், அதற்கு மேலாக முதலாளியின் கையிலிருந்து 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளமாகிய 30,000 ரூபாவைப் பெறும் ஒருவருக்கு இது 2,400, 3,600, 900 என்று மாதம் 6,900 ரூபாவாகிறது. உங்கள் கையிலிருந்து போவது 2,400. உங்கள் பெயரில் சேர்வது 6,900. இத்தகைய வருவாயை வேறு எந்த முதலீடும் முதல் நாளிலேயே தராது.

இதனாலேயே, "சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன், சேமலாப நிதி வேண்டாம்" என்று ஒரு முதலாளி கூறினால் அதற்கு இணங்கக் கூடாது. அது சட்டத்துக்கு முரணானது என்பது ஒருபுறம். உங்கள் முதுமையை விலைக்குக் கேட்கிறார் என்பது மறுபுறம். பணம் கழிக்கப்பட்டும் நிதிக்குச் செலுத்தப்படாத சந்தர்ப்பங்களும் உண்டு. வேலையில் சேர்ந்து சில மாதங்களில் உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நிலுவைக் கூற்றைப் பெற்றுச் சம்பளச் சிட்டையுடன் ஒப்பிடுங்கள். முரண்பாடு இருந்தால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். வேலை மாறும்போது பழைய இலக்கங்களையெல்லாம் எழுதி வையுங்கள். மூன்று நான்கு இடங்களில் வேலை செய்தவர்கள், முதல் இடத்தின் இலக்கத்தைத் தொலைத்துவிட்டு முப்பது வருடத்தின் பின்னர் அதைத் தேடி அலைவதைத் தவிர்க்க இதுவே எளிய வழி.

இங்கு பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பெறலாம். பெண்கள் திருமணம் காரணமாக வேலையை விட்டாலும் பெற்றுக்கொள்ளலாம். இந்தச் சலுகையை வீட்டாரும் அறிவர். எனவே தொழிற்சாலையில் ஐந்தாறு வருடம் நின்று உழைத்த பிள்ளையின் சேமலாப நிதி, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பணம் எடுக்கக்கூடியது என்பதனால் எடுக்கப்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. நிதிக்குள் விட்டுவிட்டால் ஆண்டுதோறும் வட்டி சேரும். மீண்டும் வேலைக்குப் போகும்போது புதிய பணமும் அதனுடன் சேரும். ஆண்களைவிடக் கூடுதலான ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றில் பலவற்றைத் துணையின்றிக் கழிக்கப்போகிறவர்கள் பெண்களே என்பதை, குடும்பத் தலைமையைப் பெண்களே சுமக்கும் வீடுகள் நிறைந்த இந்த மண்ணில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சேமலாப நிதி குறையற்றது என்று சொல்ல வரவில்லை. 2022இல் அது 9 வீத வட்டி வழங்கிய அதே ஆண்டின் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அதாவது கணக்கில் தொகை கூடியபோதும் அதனால் வாங்கக்கூடிய அரிசி குறைந்தது. 2023இன் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் நிதியின் வசமிருந்த திறைசேரி முறிகள் (அரசு நீண்டகாலக் கடன் பெறுவதற்கு வழங்கும் பத்திரங்கள்), 2025 வரை 12 வீதமும் அதன் பின்னர் 9 வீதமும் தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. இந்த அனுபவத்திலிருந்து எடுக்க வேண்டிய பாடம் நிதியிலிருந்து ஓடுவதன்று. முதுமைக்கான பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காமலிருப்பதே. அரச உத்தியோகத்தர்களுக்குத் தனி ஓய்வூதியம் இருப்பதால் அவர்களைப் பற்றி இங்கு நீட்டி எழுதவில்லை. அவர்களுக்கும் அனர்த்தப் பணம் வேண்டும்; அவ்வளவே.

கமம், கடற்றொழில், சுயதொழில்

மாதம் தோறும் சேமியுங்கள் என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரர்களை நினைத்துச் சொல்லப்படுவது. வயலில் பணம் வருவது ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை. முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் அது பருவக்காற்றைப் பொறுத்தது. ஆகவே நாட்காட்டியை விட்டு அறுவடையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். 2025 காலபோக அறுவடைக்கு அரசு அறிவித்த நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. மூடை ஒன்றை 65 கிலோ என்று கொண்டால் 7,800 ரூபா. காலபோக அறுவடையில் எட்டு மூடையின் பணத்தை முதுமைக் கணக்கில் இட்டால் சுமார் 62,000 ரூபா. மாதம் 5,000 ரூபா சேமித்தவருக்குச் சமம். களத்துமேட்டில் ஈரநெல்லாக விற்கும்போது இந்த விலை கிடைப்பதில்லை என்பது உண்மைதான். அப்போது மூடைக் கணக்கைப் பத்தாக்கிக்கொள்ளலாம். அழிந்த போகத்தில் ஒன்றும் போட வேண்டாம். நல்ல போகத்தில், விற்ற காசு கைக்கு வந்த அன்றே, கடைக்கணக்குத் தீர்ப்பதற்கு முன்பாகவே எட்டு மூடையை ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சினால் போடலாம் என்று வைத்தால் அது மிஞ்சாது. சிறுபோகத்தில் வருவதை அனர்த்தக் கணக்குக்கு விடலாம். குளத்து நீரைப் பொறுத்து ஆண்டுக்காண்டு விதைப்புப் பரப்பு சுருங்கும் போகம் அது. அதனை நம்பி முதுமைத் திட்டம் போடக் கூடாது.

கமக்காரர்களுக்கென 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும், கடற்றொழிலாளர்களுக்கென 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஓய்வூதியத் திட்டங்கள் உருவாக்கப்பட்டன. கமக்காரர் ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபா முதல் 4,167 ரூபா வரை என்ற அளவிலேயே இருந்துவந்தது. நிதி வற்றிக் கொடுப்பனவு நின்றுபோன காலமும் உண்டு. சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் உள்ளன. உங்கள் பிரதேச செயலகத்திலேயே அதற்கான உத்தியோகத்தரைச் சந்தித்து, எந்த வயதில் எவ்வளவு கட்டினால் 60க்குப் பின்னர் மாதம் எவ்வளவு கிடைக்கும் என்ற அட்டவணையைப் பார்க்கலாம். வயது குறைந்தவருக்குத் தவணைப்பணமும் குறைவு என்பதால் இருபதுகளில் சேர்வது இலாபகரமானது. ஆனால் வாக்களிக்கப்படும் தொகை இன்றைய ரூபாவில் சொல்லப்படுவதையும், நாற்பது வருடத்தின் பின்னர் அதன் பெறுமதி வெகுவாகக் குறைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இவற்றை முதுமைச் சோற்றுக்கான உப்பாகக் கருதலாம். சோறு வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

எவ்வளவு, எங்கே

பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 2 வீதம் மட்டுமே மிஞ்சுகிறது என்று, சற்றுக் கடுமையாகவே, வைத்துக்கொள்வோம். 22 வயதிலிருந்து 60 வயது வரை மாதம் 5,000 ரூபா சேமிப்பவரிடம் இன்றைய பெறுமதியில் சுமார் 34 இலட்சம் ரூபா இருக்கும். 35 வயதில் தொடங்குபவரிடம் சுமார் 19 இலட்சமே இருக்கும். இதை 60 முதல் 80 வயது வரை பகிர்ந்து எடுத்தால் முதலாமவருக்கு மாதம் ஏறத்தாழ 17,000 ரூபா, இரண்டாமவருக்கு 10,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் விலைவாசி ஏறும்போது நீங்கள் போடும் தொகையும் ஏற வேண்டும். இன்றைய 5,000 ரூபாவையே பத்து வருடத்தின் பின்னரும் போட்டுக்கொண்டிருந்தால் மேற்சொன்ன தொகை வராது. மாதம் 17,000 ரூபா சொகுசு வாழ்க்கை தராது. ஆனால் பிள்ளையின் வீட்டிலே மருந்துக்குக் கை நீட்டாமல் இருப்பதற்குப் போதும்.

பணத்தை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டியைப் பார்ப்பதற்கு முன்னர் உத்தரவாதத்தைப் பாருங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. ஏனைய அனுமதிபெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரையே வைப்புக் காப்புறுதி உள்ளது. அதற்கு மேல் சேர்ந்தால் இன்னொரு நிறுவனத்துக்கு நகர்த்துங்கள். தெரிந்தவர் சொன்னார் என்பதற்காக மாதம் 5 வீதம், 10 வீதம் தருவதாகக் கூறும் எந்தத் திட்டத்திலும் ஒரு ரூபாவும் இட வேண்டாம். அது மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தொகை சில இலட்சங்களாக வளர்ந்த பின்னர் அரசுக்குக் கடனாகக் கொடுத்து வட்டி பெறும் பத்திரங்களாகிய திறைசேரி உண்டியல்களையும் முறிகளையும் பற்றி வங்கியில் கேளுங்கள். உண்டியல்கள் 91, 182, 364 நாட்களுக்கு உரியவை; முறிகள் இரண்டு ஆண்டு முதல் முப்பது ஆண்டு வரை நீள்பவை. 2022இன் நெருக்கடியில் உண்டியல் வட்டி 30 வீதத்தையும் கடந்தது. அதன் பின்னர் வெகுவாக இறங்கிவிட்டது. குறுகிய உண்டியல்களில் பணத்தைச் சுழற்றுபவர் வட்டி ஏறும்போது உடனே பயன்பெறுவார், இறங்கும்போது உடனே இழப்பார். நீண்ட முறியை வாங்கியவர் வாங்கிய அன்றைய வட்டியோடு நிற்பார். இரண்டிலும் பாதி பாதி வைத்திருப்பது நிம்மதி. வாங்கியபின், அது மத்திய வங்கியின் லங்காசெக்கியுவர் பதிவேட்டில் உங்கள் சொந்தப் பெயரில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். வட்டிக்கு 2025 ஏப்ரல் முதல் 10 வீத நிறுத்திவைத்தல் வரி கழிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நம்மவரில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள் இருந்தும் படிவம் கொடுக்காமல் வரி கட்டுகிறோம்.

காணி, மாடு, மரம், நகை

வன்னியில் சேமிப்பு என்றால் பெரும்பாலும் இவைதான். இவற்றை இகழ்வதற்கு எனக்கு மனமில்லை. ஆனால் காலநிலைக் கவலையுள்ள ஒருவர் இவற்றை ஒரு கேள்வியால் சோதிக்க வேண்டும்: என் வயலை அழிக்கும் அதே மழை இதையும் அழிக்குமா? வயலும் மாடும் வீடும் ஒரே குளத்தின் கீழ் இருந்தால், ஒரு வான்பாய்ச்சலில் மூன்றும் போகும். கையில் எவ்வளவு சொத்து இருந்தாலும் அது ஒரே மழையில் நனைகின்ற சொத்து. வங்கியில் உள்ள பணத்துக்குப் பணவீக்கம் என்ற நோய் உண்டு. ஆனால் அது வெள்ளத்தில் போகாது. அதனால்தான் வருமானத்துக்கு மழையை நம்பியிருக்கும் கமக்காரர், ஓர் ஆசிரியரைவிடக் கூடுதலான பங்கை மழைக்கு அப்பால் வைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

காணி வாங்குவதாயின் 2018, 2025 ஆகிய ஆண்டுகளில் அங்கே தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அயலாரிடம் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் அதுவே சொல்லும். கரையோரமாயின் கோடையில் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். காணி உறுதிக்காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதும் முக்கியம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்ட அரச காணியை நினைத்தபடி விற்க முடியாது. முதுமையில் விற்றுச் சாப்பிடலாம் என்று எண்ணி அதை வாங்குபவர், விற்க முடியாத ஒன்றுக்குக் காசு கொடுக்கிறார். ஏற்கெனவே உள்ள வீட்டின் அத்திவாரத்தை உயர்த்துவதும், கூரை நீரைத் தொட்டியில் சேர்ப்பதும், மேட்டுக்காணியில் சொட்டுநீர் போடுவதும் முதுமைக்கான முதலீடுகளே. அவை வருமானம் தராவிட்டாலும் முதுமையின் செலவைக் குறைக்கும்.

மரத்தைப் பற்றி, "தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். இருபத்திரண்டு வயதில் பனங்கொட்டை புதைப்பவர் தின்றுவிட்டே போகலாம். வேலியோரத்தில் வேம்பும் தேக்கும் பனையும் வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம், வறட்சியையும் ஓரளவு தாங்கும். மாட்டைப் பொறுத்தவரை, 2022இன் குளிருக்குப் பிறகு பட்டிக்கு மேட்டுநிலமும் மறைப்பும் இல்லாமல் அதைச் சேமிப்பாகக் கணக்கிடுவது துணிச்சலே.

நகை பணவீக்கத்தைத் தாங்குகிறது. ரூபா சரிந்த 2022இல் அதைக் கண்டோம். ஆனால் ஒவ்வொரு போகமும் அடகுக்குப் போய்வரும் நகை முதுமைச் சேமிப்பு ஆகாது. அது நடைமுறை மூலதனம். தங்கத்தில் வைப்பதானால் செய்கூலியும் சேதாரமும் குறைந்த வடிவில், முழுச் சேமிப்பின் காற்பங்குக்கு மேற்படாமல் வையுங்கள்.

பத்திரங்கள்

இடப்பெயர்வைக் கண்ட மக்களுக்கு இது புதிதன்று. ஆனால் அவர்களின் பிள்ளைகள் மறந்துவருகிறார்கள். சேமலாப நிதி இலக்கங்கள், வைப்புச் சான்றிதழ்கள், ஓய்வூதியத் திட்டப் பற்றுச்சீட்டுகள், காணிப் பத்திரங்கள், பிறப்பு, திருமணப் பதிவுகள் ஆகியவற்றின் மூலப்பிரதிகளை நீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். கைப்பேசியால் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். கடவுச்சொற்களையும் இரகசிய இலக்கங்களையும் மட்டும் அந்தப் படங்களோடு சேர்க்க வேண்டாம்.

இந்த ஒழுங்கை ஆண்டுக்கு ஒருமுறை மீள்பார்வை செய்வதற்குப் புரட்டாதி பொருத்தமான மாதம். சிறுபோகம் முடிந்து, காலபோக விதைப்புத் தொடங்கும் முன் கையில் சற்று நேரம் இருக்கும். அனர்த்தக் கணக்கில் சென்ற ஆண்டு எடுத்ததை நிரப்பிவிட்டீர்களா, முதுமைக் கணக்கில் போடும் தொகை விலைவாசியோடு ஏறியதா, சேமலாப நிதிக் கூற்றில் எல்லா மாதமும் பதிந்துள்ளனவா என்று பாருங்கள். உங்களுக்குப் பின் பணத்தைப் பெறும் பின்னுரித்தாளரின் பெயரையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். திருமணத்துக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்திருந்து, தாய் காலமான பின்னரும் அதை மாற்றாமல் விட்டால், உங்களுக்குப் பின் மனைவியோ கணவரோ அந்தப் பணத்துக்காக அலுவலகங்களுக்கு அலைய நேரும். வங்கியில் ஒரு படிவம், சேமலாப நிதிக்கு ஒரு படிவம் என்று ஒரு முற்பகலில் முடியும் வேலை அது.